கடலுக்குள் மூச்சு விட்ட மனிதர்

குளச்சல், கடியபட்டணம், இனயம் பக்கம் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? அங்கே பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை எடுக்கக் கடலுக்குள் முங்கும் அண்ணன்மாரைப் பார்க்கலாம். கண்ணில் ஒரு கண்ணாடி, சிப்பியைப் போட ஒரு வலைப்பை. அவ்வளவுதான்! மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலைகீழாக உள்ளே போவார்கள். ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம். மூச்சு முட்டியதும் மேலே வந்துதான் ஆக வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும், சங்கு குளித்தவர்களும் பல நூறு வருடங்களாக இப்படித்தான் செய்து வந்தார்கள்.

மேலே வராமலேயே, ஒரு மீனைப் போலக் கடலுக்குள் சுற்றித் திரிய முடிந்தால் எப்படி இருக்கும்? அந்த ஆசையை நிறைவேற்றிக் காட்டியவர்களில் ஒருவர்தான் ஜாக் கூஸ்தோ. பிரான்ஸ் நாட்டுக்காரர். அவரைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

நோஞ்சான் பையன்

1910ம் ஆண்டு ஜூன் 11ம் தேதி, போர்தோ என்ற நகரத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார் கூஸ்தோ. சின்ன வயதில் சரியான நோஞ்சான். அடிக்கடி வயிற்றுக் கோளாறு. உடம்பில் ரத்தமே இல்லை. ஓடி ஆடி விளையாடக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனாலும், நீந்தக் கற்றுக்கொண்டு விட்டார்!

அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் கொஞ்ச காலம் அமெரிக்காவில் இருந்தது. அங்கே ஒரு கோடை முகாம். ஏரியில் குதிக்கும் பலகைக்கு அடியில் பட்டுப்போன மரக்கிளைகள் கிடந்தன. யாராவது மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று, அவற்றை அகற்றச் சொன்னார் ஆசிரியர். பத்து வயது கூஸ்தோ, கலங்கிய தண்ணீருக்குள் மறுபடி மறுபடி முங்கிக் கிளைகளை இழுத்துப் போட்டார். நீருக்கு அடியில் அதிக நேரம் இருப்பது எப்படி என்ற யோசனை அங்கேதான் ஆரம்பித்தது.

படிப்பில் அவ்வளவு அக்கறை கிடையாது. கருவிகள் என்றால் உயிர். 13 வயதில் பேட்டரியில் ஓடும் பொம்மைக் காரைத் தானே செய்தார். சேர்த்து வைத்த காசில் சினிமா கேமரா ஒன்று வாங்கி, முதலில் அதைக் கழற்றிப் பார்த்தார். பிறகுதான் படம் எடுத்தார்! பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைத்ததற்காக வெளியேற்றப்பட்டதும் உண்டு. (இதை மட்டும் பின்பற்ற வேண்டாம், குட்டீஸ்!)

1930ல் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். விமானம் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவரது கனவு. 1936ல் ஒரு கார் விபத்து அந்தக் கனவை முடித்து வைத்தது. கைகள் இரண்டும் நொறுங்கின. ஒரு கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. மாதக்கணக்கில் பயிற்சி செய்து, விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கப் பழகினார். கைகளுக்கு வலு வருவதற்காகத் தினமும் கடலில் நீந்தினார்.

அப்போது கடற்படை நண்பர் பிலிப் தயே, முத்துக் குளிப்பவர்கள் அணிவது போன்ற கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் நுழைத்தார் கூஸ்தோ. பாறை, பாசி, மீன்கள், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. தலையை நிமிர்த்தினால் கரையில் பஸ் போகிறது, ஆட்கள் நடக்கிறார்கள். மறுபடி குனிந்தால் வேறோர் உலகம். அன்றோடு விமானத்தை மறந்தார்.

கார் கருவி கடலுக்குள் போன கதை

கடலுக்குள் மூச்சு விடுவதில் என்ன கஷ்டம்? நீளமான ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையைத் தண்ணீருக்கு மேலே விட்டால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். முடியாது! ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீரின் எடை நெஞ்சை அமுக்க ஆரம்பித்துவிடும். குழாய் வழியே காற்றை இழுக்க மார்பு விரியாது. பத்து மீட்டர் ஆழத்தில், தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அங்கே மூச்சு விட வேண்டுமானால், உள்ளே வரும் காற்றும் அதே அழுத்தத்தில் இருக்க வேண்டும்.

அந்தக் காலத்திலும் கடலடியில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். தலையில் செம்புக் கவசம், காலில் ஈயச் செருப்பு, கப்பலிலிருந்து காற்றுக் குழாய். கட்டிப்போட்ட மாடு மாதிரி, குழாயின் நீளம் வரைதான் போகலாம். காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முங்கிப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால், அதில் காற்று விடாமல் வெளியேறி வீணானது. சீக்கிரமே தீர்ந்தது. கூஸ்தோ சுத்தமான ஆக்சிஜனை வைத்து முங்கிப் பார்த்தார். ஆழத்தில் ஆக்சிஜனே விஷமாகிவிடும்! இரண்டு முறை வலிப்பு வந்து, மயிரிழையில் உயிர் தப்பினார்.

1942ம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸை ஜெர்மனி பிடித்து வைத்திருந்தது. பெட்ரோல் கிடைக்காததால், கார்களை வாயுவில் ஓட்ட முயன்றார்கள். எஞ்சினுக்குத் தேவையான அளவு மட்டும் வாயுவைத் திறந்துவிடும் சின்னக் கருவி ஒன்றைச் செய்திருந்தார் பாரீஸ் என்ஜினியர் எமில் கன்யான். கூஸ்தோவின் மனைவி சிமோனின் அப்பாவுக்கு அதே கம்பெனியில் தொடர்பு இருந்தது. அப்படித்தான் இருவரும் சந்தித்தார்கள். எஞ்சினுக்குப் பதில் மனிதனின் நுரையீரல்! இழுக்கும்போது மட்டும் காற்று வர வேண்டும். சுற்றிலும் உள்ள தண்ணீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் வர வேண்டும். கருவிக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.

1943 ஜனவரியில், பாரீஸ் அருகே மார்ன் ஆற்றின் குளிர்ந்த நீரில் முதல் சோதனை. படுத்து நீந்தினால் அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாய்க் கொட்டியது! காற்று உள்ளே வரும் இடமும் வெளியேறும் இடமும் ஒரே மட்டத்தில் இல்லாததுதான் கோளாறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் சரியாகிவிட்டது. அதுதான் 'அக்வாலங்', அதாவது 'நீர் நுரையீரல்'.

அந்த ஜூன் மாதம், பாந்தோல் என்ற ஊரில், முதன்முதலாகக் கடலுக்குள் இறங்கினார் கூஸ்தோ. மேலே சிமோன் மிதந்தபடி, கணவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் நண்பர் துமா, ஏதாவது ஆபத்து என்றால் குதிக்கத் தயாராக. உள்ளே போனவரோ, குட்டிக்கரணம் அடித்தார். தலைகீழாக ஒற்றை விரலில் நின்றார்! பாறைப் பொந்தில் சிங்கி இறால்களைக் கண்டதும் பிடித்துக்கொண்டு வந்து சிமோனின் கையில் கொடுத்தார். போர்க்காலப் பஞ்சம். அன்று ராத்திரி வீட்டில் விருந்து.

அவர்களின் மகன்கள் ஜான் மிஷலும் பிலிப்பும் சின்ன வயதிலேயே முங்கக் கற்றார்கள். முதல் தடவை உள்ளே போனதும் மீனையும் சங்கையும் பார்த்து, கத்திப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம்! வாயிலிருந்த குழாய் கழன்று விழ, அப்பா அதை மாற்றி மாற்றித் திணிப்பதிலேயே நேரம் போனது.

ஆனால், இது விளையாட்டுப் பொருள் அல்ல. 1947ல் எவ்வளவு ஆழம் போக முடியும் என்று சோதித்தபோது, அவர்களோடு முங்கிய மோரிஸ் ஃபார்க் என்பவர் இறந்துபோனார். கோலி சோடாவைத் திறந்ததும் குபுகுபுவென்று குமிழி வருகிறதல்லவா? ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால், மனிதனின் ரத்தத்திலும் அப்படிக் குமிழி வரும். அதனால் மெதுவாக, நிறுத்தி நிறுத்தித்தான் ஏற வேண்டும். இதையெல்லாம் உயிரைப் பணயம் வைத்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

கப்பலுக்குள் ஒரு கிணறு

கருவி கிடைத்தாயிற்று. அடுத்தது கப்பல். நம் தூத்தூர், வள்ளவிளை ஊர்க்காரர்கள் விசைப்படகில் கிளம்பினால், வாரக்கணக்கில் படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கி, லட்சத்தீவுக்கும் அப்பால் போய் வருவார்கள். கூஸ்தோவுக்கும் அப்படியொரு கப்பல் தேவைப்பட்டது. மீன் பிடிக்க அல்ல, மீனைப் பார்க்க!

1950ல் மால்டா தீவில் அது கிடைத்தது. போரில் கண்ணிவெடி அகற்றப் பயன்பட்ட மரக்கப்பல். பிறகு ஆட்களையும் கார்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. பெயர் 'கலிப்சோ'. ஒரு பணக்காரர் அதை வாங்கி, வருடத்துக்கு ஒரு ஃபிராங்க் வாடகைக்குக் கொடுத்தார். நம் கணக்கில் சில்லறைக் காசு! எண்ணெய்ச் செலவுக்காகத் தன் நகைகளை விற்றார் சிமோன்.

கப்பலின் மூக்கில், நீர்மட்டத்துக்குக் கீழே, இரும்பு அறை ஒன்றைப் பொருத்தினார்கள். உள்ளே மெத்தையில் குப்புறப் படுத்து, வட்டக் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கலாம். கப்பலின் அடிப்பாகத்தில் கிணறு போல ஒரு திறப்பும் உண்டு. அதில் இறங்கினால் நேரே கடல்தான். கூஸ்தோவை விடக் கப்பலில் அதிக நாள் வாழ்ந்தவர் சிமோன். அத்தனை பேரையும் கவனித்துக்கொண்டதால், 'இடைச்சி' என்று மாலுமிகள் அவருக்குச் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள்.

கலிப்சோ செங்கடலைத் தாண்டி, நம் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது. 1954, 1955ம் ஆண்டுகளில் செஷல்ஸ் பக்கம், அல்டாப்ரா என்ற பவள வளையத் தீவையும் அதன் அருகே அசம்ப்ஷன் என்ற குட்டித் தீவையும் அடைந்தது.

பவள வளையத் தீவு என்றால்? கன்னியாகுமரியில் நின்று நேர் மேற்கே கடலில் சுமார் 500 கிலோமீட்டர் போனால் மினிக்காய் வரும். லட்சத்தீவுகளில் ஒன்று. மேலேயிருந்து பார்த்தால் வளையல் போலப் பவளப் பாறை; நடுவே பச்சை நிறத்தில் ஆழமில்லாத காயல்; வெளியே கருநீலக் கடல். ஒரு காலத்தில் நடுவில் எரிமலைத் தீவு இருந்தது. சுற்றிலும் பவளம் வளர்ந்தது. எரிமலை கொஞ்சம் கொஞ்சமாக அமிழ, வெளிச்சத்தைத் தேடிப் பவளம் மேலே மேலே வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் எரிமலை மறைந்து, வளையம் மட்டும் மிஞ்சியது. இதைச் சொன்னவர் சார்லஸ் டார்வின், 1842ல். பசிபிக்கில் ஒரு வளையத் தீவை 1952ல் துளைத்துப் பார்த்தார்கள். 1,200 மீட்டருக்கும் மேல் வெறும் பவளம். அதற்கு அடியில் எரிமலைப் பாறை! அத்தனையையும் கட்டியது கடுகு, மிளகு அளவு பூச்சிகள்.

களவா மீனின் சிநேகம்

அசம்ப்ஷன் தீவின் மீன்கள் அதுவரை மனிதனையே பார்த்ததில்லை. பயந்து ஓடவும் இல்லை! நம் ஊர்ச் சந்தைகளில் களவா மீன் பார்த்திருப்பீர்களே, அந்த இனத்தில் பெரிய மீன் ஒன்று, முங்கியவர்களோடு நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கொண்டது. கையிலிருந்து இறைச்சியைத் தின்றது. தடவிக் கொடுத்தால் நின்றது. கேமராவைத் திருப்பிய பக்கமெல்லாம் குறுக்கே வந்து நின்றது! தொந்தரவு தாங்காமல், சுறாவிடமிருந்து தப்பிக்க வைத்திருந்த கூண்டுக்குள் அதைப் பூட்டிவிட்டுத்தான் படம் எடுக்க முடிந்தது. ஒருநாள் இறைச்சியை வைத்திருந்த துணிப்பையையே விழுங்கிவிட்டு, வயிறு உப்பிக் கிடந்தது. கப்பல் முழுக்கக் கவலை. ஆபரேஷன் செய்யலாமா என்றுகூட டாக்டர் யோசித்தார். நல்லவேளை, பை தானாக வெளியே வந்துவிட்டது.

இந்தக் காட்சிகளோடு, லூயி மால் என்ற இளைஞருடன் சேர்ந்து கூஸ்தோ எடுத்த 'மௌன உலகம்' என்ற படம், 1956ல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. அடுத்த வருடம் ஆஸ்கரும் கிடைத்தது. கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதுவரை தெரியாதவர்களெல்லாம், தியேட்டரில் உட்கார்ந்து வாய் பிளந்தார்கள்.

அதே படத்தில் இன்னும் சில காட்சிகள் உண்டு. அவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஓரிடத்தில் எத்தனை வகை மீன் இருக்கிறது என்று எண்ண வேண்டும். அதற்காக, பவளப் பாறையில் வெடி வைத்தார்கள்! மீன்கள் மொத்தமாகச் செத்தன. மேலே மிதந்தவை கொஞ்சம். அடியில் விழுந்து கிடந்தவைதான் அதிகம். அவற்றைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிக் கணக்கெடுத்தார்கள். இன்னொரு நாள், திமிங்கிலக் கூட்டத்தை நெருங்கிப் போனபோது, ஒரு குட்டி கப்பலின் சுழலும் விசிறியில் அடிபட்டது. பிழைக்காது என்று அதைச் சுட்டார்கள். ரத்த வாடைக்குச் சுறாக்கள் வந்து தின்றன. குட்டி அடிபட்டது கப்பலால். மாலுமிகளுக்குக் கோபமோ சுறாக்களின் மேல்! கொக்கி போட்டுச் சுறாக்களை மேலே இழுத்து, கோடரியால் வெட்டினார்கள். தீவில் ராட்சத ஆமைகளின் முதுகில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை வேறு.

இந்தக் காட்சிகளை வெட்டியெறிந்து, நல்ல பிள்ளையாகப் படத்தை வெளியிட்டிருக்கலாம். கூஸ்தோ வெட்டவில்லை. அன்றைக்கு அதில் தப்பு இருப்பதாகவே பலருக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. கடல் பெரியது, எவ்வளவு எடுத்தாலும் தீராது என்று எல்லாரும் நினைத்த காலம் அது.

திரும்பிப் போனபோது...

1960ல் பிரான்ஸின் அணுசக்தித் துறை, அணுக்கழிவுப் பீப்பாய்களை மத்தியதரைக் கடலில் கொட்டத் திட்டமிட்டது. கடலோர மக்கள் கொதித்தார்கள். கூஸ்தோவும் எதிர்த்துப் பேசினார். திட்டம் நின்றது. கடலும் நிறைந்துபோகும், கடலுக்கும் நோய் வரும் என்பது அவருக்கு உறைக்க ஆரம்பித்தது.

கடலுக்கு அடியில் வீடு கட்டி ஆட்களை வாழவைத்த வேடிக்கையும் நடந்தது. 1963ல், செங்கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு வீடு. அதில் ஐந்து பேர் ஒரு மாதம் தங்கினார்கள். கூடவே ஒரு கிளி! காற்று கெட்டுப்போனால் கிளிதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

1967 பிப்ரவரியில் கலிப்சோ மறுபடி நெடும்பயணம் கிளம்பியது. நமக்குத் தென்மேற்கே உள்ள மாலத்தீவின் வளையங்களில் முங்கினார்கள். இந்தியப் பெருங்கடலில் முன்பு பார்த்த பாறைகளுக்கும் போனார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பவளம் பல இடங்களில் செத்துக் கிடந்தது. மீன்கள் குறைந்திருந்தன. முதலில் போனவர் திரும்பவும் போனதால்தான் வித்தியாசம் தெரிந்தது. புதிதாகப் போகிறவருக்கு, அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று தோன்றியிருக்கும்!

அதன் பிறகு வந்த கூஸ்தோ வேறு ஆள். ஒரு காலத்தில் ஈட்டியால் மீன் குத்துவதில் கெட்டிக்காரராக இருந்தவர், அதையே எதிர்த்துப் பேசினார். சிவப்புக் கம்பளித் தொப்பியோடு அவர் தோன்றிய டி.வி. தொடர், 1968லிருந்து உலகமெங்கும் வீடு வீடாகக் கடலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1973ல் கடலைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்ட நாடுகள் திட்டம் போட்டபோது ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார். 1990ல் கண்டத்துக்கு ஒருவராக ஆறு குழந்தைகளை அந்தப் பனி நிலத்துக்கே அழைத்துப் போனார். பெரியவர்கள் பேசி முடிவெடுக்கும் விஷயத்தில் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு என்று காட்டத்தான்! அடுத்த வருடம், அங்கே சுரங்கத் தொழிலுக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

சொந்த வாழ்க்கையில் துயரங்கள் அடுத்தடுத்து வந்தன. அப்பாவைப் போலவே கடலில் படம் எடுத்த பிலிப், 1979ல் விமான விபத்தில் இறந்தார். 1990ல் சிமோன் போனார். 1996 ஜனவரியில், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு பெரிய படகு மோதிக் கலிப்சோவும் மூழ்கியது. தூக்கிக் கரை சேர்த்தார்கள், பழையபடி ஓடவில்லை. 1997 ஜூன் 25ம் தேதி, தன் 87வது வயதில் பாரீஸில் காலமானார் கூஸ்தோ. பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

அடுத்த வருடமே, 1998ல், இந்தியப் பெருங்கடல் அளவுக்கு மீறிச் சூடானது. பவளத்துக்கு நிறமும் சோறும் கொடுப்பது அதற்குள் குடியிருக்கும் நுண்பாசி. சூடு கூடினால் பவளம் அதை வெளியே தள்ளிவிடும். வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் செத்தும் போகும். மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் அந்த வருடம் பவளம் கொத்துக் கொத்தாக மடிந்தது. பிறகு 2010, 2016, 2024ம் ஆண்டுகளிலும் சூடு வந்தது.

இன்று மாலத்தீவில், கப்பலிலேயே ஒரு வாரம் தங்கித் தீவு தீவாக முங்கிப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். லட்சத்தீவின் கட்மத், பங்காரம் தீவுகளிலும் முங்கக் கற்றுக் கொடுக்கிறார்கள். அவர்கள் வாயில் கவ்வியிருக்கும் கருவி, கூஸ்தோவும் கன்யானும் செய்ததன் பேரப்பிள்ளைதான். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களும் அதைக் கவ்விக்கொண்டுதான் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளத்தைக் கணக்கெடுக்கிறார்கள். பவளப் பாறையின் மேல் நாடாவை நீட்டிப் பிடித்து, எது உயிரோடு இருக்கிறது, எது வெளுத்துவிட்டது என்று பார்த்து, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். தண்ணீரில் பென்சில் எழுத்து அழியாது. மீன்களையும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். அவை பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும்போதே!